ட்ரோன் பேட்டரியை ஃப்ளைட்ல கொண்டு போறது எப்படி? எல்லாரும் கேக்குற கேள்விகளும் என் பதில்களும்

நான் மதுரைக்காரன், கல்யாணம், கோயில் கும்பாபிஷேகம், அப்புறம் நிலம் சர்வே எடுக்குற வேலைன்னு ட்ரோனோட சுத்துறவன். வாரம் ஒரு தடவையாவது யாராச்சும் ராத்திரி பத்து மணிக்கு போன் பண்ணி "அண்ணே, காலைல ஃப்ளைட், பேட்டரியை எதுல வைக்கிறது"ன்னு கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லிச் சொல்லி ஏதாவது ஒண்ணு விட்டுப்போயிடுது, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிருக்கேன். நிதானமா படிங்க, இது பெரிய விஷயம்.

முதல்ல இதைச் சொல்லுங்க, பேட்டரி செக்-இன் பேக்லயா ஹேண்ட் பேக்லயா?

ஹேண்ட் பேக்ல மட்டும்தான். ட்ரோன்ல இருந்து கழட்டின பேட்டரி, எக்ஸ்ட்ராவா வாங்குன பேட்டரி, பவர் பேங்க், கேமரா பேட்டரி, இது எதுவுமே செக்-இன் பேக்ல போகக் கூடாது. இது ஏதோ ஒரு ஏர்லைன்ஸ் போட்ட ரூல் கிடையாது, ஐக்காவோன்னு சொல்ற சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு போட்டது, உலகம் பூரா இதுதான். "போன தடவை செக்-இன்ல போட்டேன், ஒண்ணும் சொல்லல"ன்னு யாராச்சும் சொன்னா, அன்னைக்கு ஸ்கேன்ல மாட்டலன்னுதான் அர்த்தம், போடலாம்னு அர்த்தம் இல்ல.

ஆனா அண்ணா, ஆபத்தான பொருள்னா மனுஷங்க உக்காந்திருக்குற இடத்துல ஏன் வைக்கச் சொல்றாங்க? கீழ லக்கேஜோட போட்டா நமக்கு சேஃப் தானே?

எல்லாருக்கும் வர்ற சந்தேகம் இது, எனக்கும் முதல்ல வந்துச்சு. இதுக்கு பதில் புரிஞ்சுட்டா மீதி ரூல் எல்லாம் தானா புரிஞ்சிடும், அதனால கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

லித்தியம் பேட்டரிக்குள்ள பாசிட்டிவ் பக்கத்தையும் நெகட்டிவ் பக்கத்தையும் பிரிக்கிறது ரொம்ப மெல்லிசான ஒரு பிளாஸ்டிக் தாள்தான், சுத்தி இருக்குற எலக்ட்ரோலைட் பெட்ரோல் மாதிரி பத்திக்கிற திரவம். அடிபட்டோ, வெளிய ஷார்ட் ஆகியோ, தயாரிப்புல இருந்த குறையாலயோ அந்தத் தாள் ஒரு இடத்துல போச்சுன்னா உள்ளயே சூடு கிளம்பும், அந்தச் சூட்டுல ரசாயனம் சிதைஞ்சு இன்னும் சூடு வரும், அது பேட்டரிக்குள்ளயே பக்கத்துல இருக்குற அடுத்த செல்லையும் இழுத்துக்கும். இதைத்தான் தெர்மல் ரன்அவேன்னு சொல்றாங்க. ஆரம்பிச்சிட்டா சுவிட்சு போட்டு நிறுத்துற விஷயம் இல்ல அது. தீயை அணைச்சாலும் உள்ள சூடு குறையலன்னா திரும்பப் பத்திக்கும், அதனால தண்ணி ஊத்தி ஊத்தி குளிர வைக்கிறதுதான் வழி.

இப்ப யோசிங்க. கேபின்ல புகை வந்தா ஆள் பாத்துடுவாங்க, க்ரூ ஓடி வருவாங்க, அவங்களுக்கு இதுக்குன்னே ட்ரெய்னிங் இருக்கு, அணைச்சிட்டு தண்ணி ஊத்துவாங்க. கீழ லக்கேஜ் அறையில வந்தா? அங்க ஆளே கிடையாது, பறக்கும்போது போகவும் முடியாது. ஹேலான்னு ஒரு கேஸ் அடிக்கிற சிஸ்டம் இருக்கு, அது துணி, பேப்பர் மாதிரி சாதாரண தீயை அடக்கும், ஆனா பேட்டரிக்குள்ள நடக்குற சூட்டை நிறுத்தாது. பக்கத்துலயே சென்ட் ஸ்ப்ரே, ஹேர் ஸ்ப்ரே டப்பா ஏதாச்சும் இருந்துட்டா நிலைமை இன்னும் மோசம்.

2010 செப்டம்பர் 3-ஆம் தேதி துபாய்ல இருந்து ஜெர்மனியோட கொலோன் நகரத்துக்குக் கிளம்புன யூபிஎஸ் சரக்கு விமானம், போயிங் 747. கிளம்பி அரை மணி நேரம் கூட ஆகல, சரக்குப் பகுதியில தீ. அந்தச் சரக்குல நிறைய லித்தியம் பேட்டரி இருந்துச்சு. காக்பிட்ல புகை சூழ்ந்து எதிர்ல இருக்குற மீட்டர் கூட பைலட்டுங்களுக்குத் தெரியல, துபாய்க்கே திரும்ப முயற்சி பண்ணியும் முடியாம விழுந்து, இருந்த ரெண்டு பேரும் போயிட்டாங்க. 2016 ஏப்ரல் 1-ல இருந்து, பயணிகள் விமானத்துல லித்தியம் அயான் பேட்டரியை மட்டும் தனியா சரக்கா ஏத்தக் கூடாதுன்னே தடை வந்துடுச்சு.

இன்னொரு பக்கம் பாருங்க, 2025 ஜனவரி 28, தென் கொரியாவோட புசான் நகரத்துல கிம்ஹே ஏர்போர்ட், ஏர் புசான் விமானம் கிளம்பக் காத்திருக்கு, மேல இருக்குற லக்கேஜ் பெட்டிக்குள்ள இருந்து புகை. விமானத்தோட கூரையே எரிஞ்சு ஓட்டையாயிடுச்சு, ஆனா உள்ள இருந்த 176 பேரும் உயிரோட இறங்கிட்டாங்க. பவர் பேங்க்தான் காரணமா இருக்கும்னு விசாரணையில சொன்னாங்க. தரையில நின்னதாலயும் கண்ணுல பட்டதாலயும் தப்பிச்சாங்க. அதனாலதான் நான் எல்லார்கிட்டயும் சொல்றது, பேட்டரி நம்ம கண்ணுக்கு முன்னாடி, கை எட்டுற தூரத்துல இருக்கணும்.

என் பேட்டரி அனுமதிக்குள்ள இருக்கான்னு எப்படிப் பாக்குறது?

வாட் ஹவர் பாக்கணும், அதாவது பேட்டரி எவ்வளவு மின்சாரத்தைத் தேக்கி வைக்கும்ங்குற அளவு. பேட்டரி மேல பொடி எழுத்துல போட்டிருக்கும், போன்ல ஃபோட்டோ எடுத்து ஜூம் பண்ணிப் பாருங்க. 100 வாட் ஹவர் வரைக்கும் யார்கிட்டயும் கேக்க வேண்டாம். 100-க்கு மேல 160 வரைக்கும் ஏர்லைன்ஸ்கிட்ட முன்கூட்டியே அனுமதி வாங்கணும், அதுவும் ஸ்பேர்னா ஆளுக்கு ரெண்டுதான். 160 தாண்டினா பயணியா நீங்க கொண்டு போகவே முடியாது.

நாம சாதாரணமா வச்சிருக்குற கேமரா ட்ரோன் எல்லாமே 100-க்குள்ளதான். டிஜேஐ கம்பெனியோட மினி 4 ப்ரோ பேட்டரி கிட்டத்தட்ட 19 வாட் ஹவர், ஏர் 3 பேட்டரி 62.6, மேவிக் 3 பேட்டரி 77. பழைய ஃபேன்டம் 4 ப்ரோ கூட 89.2 தான். இன்ஸ்பயர் 3-க்கு 98.8, அந்தக் கம்பெனிக்காரங்க 100-ஐ மனசுல வச்சுத்தான் டிசைன் பண்ணியிருக்காங்கன்னு பாத்தாலே தெரியும்.

என்னோடது எஃப்பிவி ட்ரோன்ல (கண்ணாடி போட்டு ட்ரோன் கேமரா வழியாப் பாத்து ஓட்டுறது) போடுற லைப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரி, அதுல வாட் ஹவர் போடவே இல்லையே?

கணக்கு போட்டுக்கலாம். எம்ஏஹெச்சை 1000-ஆல வகுத்து வோல்டேஜால பெருக்குங்க, அவ்வளவுதான். 6எஸ் (அதாவது ஆறு செல்) 1300 எம்ஏஹெச்னா, ஒரு செல்லுக்கு 3.7 வோல்ட், ஆறு செல்லுக்கு 22.2, அதை 1.3-ஆல பெருக்குனா 28.86. 4எஸ் 1500-ன்னா 22.2 வாட் ஹவர். இதெல்லாம் பிரச்சனையே இல்ல. ஆனா லாங் ரேஞ்சுக்கு 6எஸ் 5000 வச்சிருக்குறவங்க கவனிங்க, 22.2 பெருக்கல் 5, 111 வருது, அதுக்கு அனுமதி வேணும். 6எஸ் 8000-ன்னா 177.6, வீட்லயே வச்சுட்டுப் போங்க.

சில பேர் ஃபுல் சார்ஜ் வோல்டேஜான 4.2-ஐ வச்சுப் பெருக்கிட்டு 100 தாண்டுதேன்னு பயப்படுறாங்க. லேபிள்ல போட்டிருக்குற நாமினல் வோல்டேஜைத்தான் எடுக்கணும். அப்புறம் மூணு பேட்டரியையும் கூட்டிட்டு 100 தாண்டுதுன்னு கேக்குறாங்க, அப்படிக் கூட்டக் கூடாது, ஒவ்வொரு பேட்டரியும் தனித்தனிக் கணக்கு.

லேபிள் அழிஞ்சு போன பேட்டரின்னா நீங்க வாயால சொல்றதை செக்யூரிட்டி நம்பணும்னு அவசியம் இல்ல, எடுத்து வச்சுக்கிட்டா எதுவும் பேச முடியாது. லேபிள் மேல நான் ட்ரான்ஸ்பரன்ட் டேப் ஒட்டி வச்சிடுவேன், வேர்வையிலயும் உரசல்லயும் அழியாது.

எத்தனை பேட்டரி எடுத்துட்டுப் போலாம்?

100 வாட் ஹவருக்குள்ளன்னா ஐஏடிஏ, அதாவது ஏர்லைன்ஸுங்களோட சர்வதேச சங்கத்துக் கணக்குல ஒரு ஆளுக்கு ஸ்பேர் பேட்டரி 20 வரைக்கும். இதுல ட்ரோன் பேட்டரி மட்டும் இல்ல, கேமரா பேட்டரி, பவர் பேங்க் எல்லாம் சேர்த்து. ஆனா ஏர்லைன்ஸ் இதை விடக் குறைச்சு வச்சுக்கலாம், பல பேர் வச்சிருக்காங்க, அதனால டிக்கெட் போட்ட ஏர்லைன்ஸோட வெப்சைட்ல "டேஞ்சரஸ் கூட்ஸ்" பக்கத்தைக் கண்டிப்பா பாருங்க. பவர் பேங்குக்கு இப்ப தனியா கட்டுப்பாடு வந்துட்டே இருக்கு, அதையும் பாருங்க. எண்ணிக்கை அனுமதிச்சாலும், அது உங்க சொந்த உபயோகத்துக்குன்னு பாத்தா தெரியணும், பாக்ஸ் பிரிக்காத பேட்டரி பத்துப் பதினஞ்சு இருந்தா விக்கக் கொண்டு போறீங்கன்னு கேள்வி வரும், அது நியாயமான கேள்விதான்.

100-லிருந்து 160 வரைக்கும் அனுமதி எப்படி வாங்குறது?

கஸ்டமர் கேருக்கு மெயில் போடுங்க, பிஎன்ஆர் நம்பர், பேட்டரி மாடல், வாட் ஹவர், எத்தனைன்னு எழுதி, லேபிள் ஃபோட்டோவும் சேர்த்து. குறைஞ்சது நாலஞ்சு நாள் முன்னாடி. அவங்க பதிலை பிரின்ட் எடுத்து வச்சுக்கோங்க, போன்ல மட்டும் வச்சிருந்து கவுன்டர்ல சிக்னல் இல்லாம நிக்காதீங்க. போன்ல பேசி "சரி சார் எடுத்துட்டு வாங்க"ன்னு அவங்க சொன்னது கவுன்டர்ல செல்லாது.

விவசாய ட்ரோன், சர்வே ட்ரோன் பேட்டரி?

மருந்தடிக்கிற ட்ரோன் பேட்டரி எல்லாம் 160-க்குப் பக்கத்துல கூட வராது, டிஜேஐ டி40-யோட பேட்டரி 1500 வாட் ஹவருக்கு மேல. சர்வேக்கு ஓட்டுற மேட்ரிஸ் 300 ட்ரோன்ல போடுற டிபி60 பேட்டரி ஒண்ணு 274. இதை ஏர்லைன்ஸ்கிட்ட கேட்டுப் பாக்குறதே வேஸ்ட். தஞ்சாவூர்ல இருந்து ஆந்திராவுக்கு வேலைக்குப் போற பசங்க வேன்லதான் பேட்டரியை அனுப்பிட்டு ஆளு மட்டும் தனியா போறாங்க, இல்லாட்டி போற இடத்துலயே வாடகைக்கு எடுக்குறாங்க. சர்வே வேலைக்கு நானும் வாடகைக்குத்தான் எடுக்கிறேன், கணக்குப் பாத்தா செலவும் பெருசா ஏறல.

ட்ரோன் பாடியை எதுல வைக்கிறது? ரிமோட்?

இதுல ஊருக்கு ஊரு, ஏர்லைன்ஸுக்கு ஏர்லைன்ஸ் மாறுது. சில இடத்துல ட்ரோனை கேபின்ல விடுவாங்க, சில ஏர்லைன்ஸ் கேபின்லயே கூடாது, செக்-இன்ல போடுன்னு சொல்லும். அதனால நான் ரெண்டுக்கும் தயாரா பேக் பண்ணுவேன், பாடி தனி ஹார்டு கேஸ், பேட்டரி தனி பவுச். பாடியை செக்-இன்ல போடச் சொன்னா பேட்டரி இல்லாத வெறும் பாடி கீழ போகும், பேட்டரி என்னோட வரும். பேட்டரியை ட்ரோன்லயே மாட்டி செக்-இன்ல போடாதீங்க. முழுசா ஆஃப் ஆகி, தானா ஆன் ஆகாத மாதிரி இருந்தா போடலாம்னு பொது ரூல்ல இடம் இருந்தாலும், ட்ரோன்னு வந்தா கழட்டியே ஆகணும்னு பல ஏர்லைன்ஸ் சொல்லுது, அதோட பெட்டி விழுந்து பட்டன் அமுங்கினா யாருக்குத் தெரியும்? ரிமோட்டுக்குள்ளயும் பேட்டரி இருக்குங்குறதை நிறைய பேர் மறந்துடுறாங்க, அதையும் கேபின்ல வச்சுக்கோங்க. கேமராவைத் தாங்குற கிம்பலுக்குக் கவர் போட மறக்காதீங்க.

பேட்டரியை எப்படி பேக் பண்றது? சும்மா பேக்ல போட்டா ஆகாதா?

ஆகாது. ஷார்ட் ஆகாம இருக்கணும், அதுதான் இங்க முக்கியம். ஒவ்வொரு பேட்டரியும் தனித்தனி கவர்ல, முனைகள் மூடி இருக்கணும், ரூலும் அதைத்தான் சொல்லுது.

டிஜேஐ மாதிரி ஸ்மார்ட் பேட்டரின்னா வாங்கும்போது கூட ஒரு பிளாஸ்டிக் மூடி வந்திருக்கும், தூக்கிப் போட்டிருப்பீங்க. சின்ன விலைக்குத் தனியா கிடைக்குது, வாங்கிப் போடுங்க. கான்டாக்ட் மேல செல்லோ டேப் ஒட்டினா பசை உள்ள போய் அப்புறம் ட்ரோன்ல மாட்டும்போது கான்டாக்ட் சரியா விழாது, எனக்கு ஒரு கல்யாணத்துல தாலி கட்டுற நேரத்துல பேட்டரி எரர் வந்துச்சு, பாத்தா அந்தப் பசைதான். மூடி இல்லன்னா ஒரு சின்ன பேப்பர் துண்டை கான்டாக்ட் மேல வச்சு அதுக்கு மேல டேப் ஒட்டுங்க.

லைப்போவுக்கு பெரிய கனெக்டரை, அதாவது மஞ்சளா இருக்கே அந்த எக்ஸ்டி60, எல்லாரும் மூடிடுறாங்க, பக்கத்துல வெள்ளைக் கலர்ல ஒல்லியா தொங்குற பேலன்ஸ் வயரை விட்டுடுறாங்க. அதை வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க, பக்கவாட்டுல பொடிப்பொடியா மெட்டல் தெரியும். பேக்ல கிடக்குற ஒரு சாவியோ சேஃப்டி பின்னோ ரெண்டு மெட்டலைச் சேர்த்துத் தொட்டா அந்த மெல்லிசு வயர் சூடாகி உருக ஆரம்பிச்சிடும். பெரிய கனெக்டரை மட்டும் மூடுறது கதவைச் சாத்திட்டு ஜன்னலைத் திறந்து வச்சமாதிரி. இன்சுலேஷன் டேப்பை ரெண்டையும் சேர்த்து ஒரு சுத்து சுத்துங்க, முடிஞ்சது.

தீ தாங்குற லைப்போ பேக் கட்டாயம் இல்ல, ஆனா நான் வச்சிருக்கேன். அது தீயை முழுசா நிறுத்தும்னு நினைக்காதீங்க, புகை வெளிய வரத்தான் செய்யும், பக்கத்துல இருக்குறது பத்திக்கிறதைத் தள்ளிப்போடும், அந்த ரெண்டு நிமிஷம் பெரிய விஷயம்.

ஃபுல் சார்ஜோட போலாமா?

வேண்டாம். கேபின்ல கொண்டு போறதுக்கு இத்தனை சதவீதம்னு பொது ரூல் கிடையாது, ஆனா சரக்கா அனுப்புறப்ப 30 சதவீதத்துக்கு மேல கூடாதுன்னு வச்சிருக்காங்களே, அதுக்குக் காரணம் இருக்கு. உள்ள எவ்வளவு சார்ஜ் இருக்கோ தெர்மல் ரன்அவே அவ்வளவு வேகமா, அவ்வளவு சூடா வரும். நான் 30-லிருந்து 40 சதவீதத்துல வச்சுப்பேன். லைப்போன்னா சார்ஜர்ல ஸ்டோரேஜ் மோடு போட்டு செல்லுக்கு 3.8 வோல்ட். அதுக்காக ஜீரோவுக்கு இறக்கிடாதீங்க, செல்லுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழ போனா பேட்டரி கெட்டுடும், சில ஏர்போர்ட்ல ஆன் பண்ணிக் காட்டுன்னும் கேப்பாங்க.

முந்தின நாள் மொட்டை மாடியில இருந்து பத்து நிமிஷம் பறக்க விட்டு சார்ஜைக் குறைக்கிறதை விட ரெண்டு நாள் முன்னாடியே பிளான் பண்ணுங்க.

பேட்டரி லேசா உப்பியிருக்கு, ஆனா நல்லா ஓடுது. எடுத்துட்டுப் போலாமா?

கூடவே கூடாது. ஹேண்ட் பேக்லயும் கூடாது, செக்-இன்லயும் கூடாது. சேதமான பேட்டரி, கம்பெனி திரும்பக் கூப்பிட்ட பேட்டரி ரெண்டும் விமானத்துல தடை. உப்பியிருக்குன்னா உள்ள ஏற்கனவே ரசாயனம் சிதைஞ்சு கேஸ் வந்திருக்குன்னு அர்த்தம்.

எப்படிப் பாக்குறதுன்னா, கண்ணாடி மேசை மாதிரி சமதளத்துல பேட்டரியைப் படுக்க வச்சு ஒரு ஓரத்தை விரலால தட்டுங்க, ஊஞ்சல் மாதிரி ஆடுனா உப்பியிருக்கு. ஸ்மார்ட் பேட்டரின்னா ட்ரோனுக்குள்ள முன்ன மாதிரி வழுக்கிட்டுப் போகாம இறுக்கிப் பிடிக்கும். க்ராஷ் ஆகி மூலை நசுங்கினது, மழையில நனைஞ்சது, உப்புத்தண்ணியில விழுந்தது எல்லாமே இதே கணக்குதான், ராமேஸ்வரம் பக்கம் ஷூட் பண்றவங்க இதை மனசுல வைங்க.

ஊசியால குத்தி காத்தை எடுக்குறேன்னு யூடியூப் பாத்து ஆரம்பிக்காதீங்க, அந்த நொடியே தீப்பிடிக்கும். மாநகராட்சி குப்பைத் தொட்டியிலயும் போடாதீங்க, குப்பை லாரியில நசுங்கினா அங்க நிக்கிற துப்புரவுப் பணியாளருக்குத்தான் ஆபத்து. 2022-ல வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள்படி விக்கிற கம்பெனிக்கு அதைத் திரும்ப வாங்குற பொறுப்பு இருக்கு, சர்வீஸ் சென்டர்லயோ அனுமதி உள்ள இ-வேஸ்ட் சேகரிப்பு மையத்துலயோ கேளுங்க. அதுவரைக்கும் ஒரு மண் சட்டியில மணல் போட்டு வீட்டுக்கு வெளிய நிழல்ல வைங்க.

செக்யூரிட்டில என்ன நடக்கும்? பிடுங்கி வச்சுப்பாங்களா?

பேட்டரி பவுச்சை தனியா எடுத்து ட்ரேல வைங்க, லேபிள் மேல தெரியுற மாதிரி. ஸ்கேன்ல மொத்தமா கறுப்பா ஒரு கட்டி தெரிஞ்சா பேக்கைப் பிரிக்கச் சொல்லத்தான் செய்வாங்க. கேட்டா "ட்ரோன் பேட்டரி சார், ஒவ்வொண்ணும் 63 வாட் ஹவர், 100-க்குள்ள"ன்னு நேராச் சொல்லுங்க. கேமரா பேட்டரின்னு பொய் சொல்லாதீங்க.

ஒரு தடவை ஒரு ஏர்போர்ட்ல என்கிட்ட "இதை செக்-இன்ல போட்டுட்டு வாங்க"ன்னு செக்யூரிட்டில திருப்பி அனுப்பிட்டாங்க. அங்க சண்டை போடல. நேரா ஏர்லைன்ஸ் கவுன்டருக்குப் போய், அவங்க வெப்சைட்ல இருந்த பக்கத்தை பிரின்ட் எடுத்து வச்சிருந்ததைக் காட்டுனேன், அவங்க சூப்பர்வைசர் என்கூடவே வந்து பேசுனாரு, அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சது. அந்தப் பிரின்ட் இல்லன்னா ஒண்ணு பேட்டரி போயிருக்கும், இல்லன்னா ஃப்ளைட் போயிருக்கும். அன்னைக்கு முக்கால் மணி நேரம் முன்கூட்டியே போயிருந்ததும் உதவுச்சு. செக்யூரிட்டில நிக்கிறவங்க நம்ம எதிரி இல்ல, ஒரு நாளைக்கு ஆயிரம் பை பாக்குறாங்க, அவங்களுக்கு எளிசா இருக்குற மாதிரி நாமதான் வைக்கணும்.

ஏறும்போது "கேபின்ல இடம் இல்ல, பேக்கைக் கொடுங்க"ன்னு வாங்கிட்டா?

எல்லாரும் கோட்டை விடுற இடம் இதுதான், தயவுசெஞ்சு கவனமா படிங்க. சென்னையில இருந்து தூத்துக்குடி போற ஏடிஆர் மாதிரி சின்ன விமானத்துல மேல பெட்டி ரொம்பச் சின்னது, ட்ராலி பேக்கை படிக்கட்டுக்குப் பக்கத்துலயே வாங்கி கீழ லக்கேஜ்ல போட்டுடுவாங்க. அந்த நேரத்துல பின்னாடி ஆளு நிக்கிறாங்க, வெயில் அடிக்குது, நாம அவசரத்துல பேக்கைக் கொடுத்துட்டு ஏறிடுவோம், பேட்டரி அத்தனையும் கீழ போயிடும்.

அதனால பேட்டரி எல்லாம் ஒரே சின்ன பவுச்சுல, பேக்கோட மேல் ஜிப்புல இருக்கணும். பேக்கைக் கேட்டாங்கன்னா ஜிப்பைத் திறந்து பவுச்சை உருவி கையில வச்சுக்கிட்டு "இதுல லித்தியம் பேட்டரி இருக்கு, இதை மட்டும் எடுத்துக்கிறேன்"னு சொல்லுங்க, அவங்களே சந்தோஷப்படுவாங்க. துணிக்கு அடியில மூணு இடத்துல பிரிச்சு வச்சிருந்தா அந்த இடத்துல தேடிட்டு நிக்க முடியாது.

ஐயோ, தெரியாம செக்-இன் பேக்ல ஒண்ணு போயிடுச்சு. இப்ப என்ன பண்றது?

உடனே போய்ச் சொல்லுங்க, வெக்கப்படாதீங்க. என்கூட வேலை பாக்குற தம்பி ஒருத்தன் ஜாக்கெட் பாக்கெட்ல ஒரு பேட்டரியை வச்சு மடிச்சு செக்-இன்ல போட்டுட்டான், போர்டிங் பாஸ் வாங்குனதுக்கு அப்புறம்தான் எண்ணிப் பாத்தோம், மூணுக்கு ரெண்டு இருக்கு. கவுன்டருக்கு ஓடுனோம், பெல்ட்ல இருந்து பேக்கை வரவழைக்க இருபது நிமிஷம், எடுத்துக் கொடுத்துட்டாங்க. சொல்லாம விட்டிருந்தா ஸ்கேன்ல மாட்டி பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பாங்க, இல்லாட்டி பேக் அங்கேயே நின்னிருக்கும். மாட்டாம போயிருந்தா அதை விட மோசம். அன்னைல இருந்து நாங்க வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஒரு தடவை, கவுன்டருக்கு முன்னாடி ஒரு தடவை எண்ணுறோம்.

விமானத்துக்குள்ள எங்க வைக்கிறது? பறக்கும்போது சார்ஜ் போட்டுக்கலாமா?

முன் சீட்டுக்கு அடியில, காலுக்குப் பக்கத்துல. மேல பெட்டியில வேண்டாம், அங்க புகை வந்தா லேட்டாத்தான் தெரியும். புசான் தீக்கு அப்புறம் கொரியாவுல பவர் பேங்கை மேல வைக்கக் கூடாதுன்னே ரூல் போட்டுட்டாங்க. எமர்ஜென்சி எக்ஸிட் வரிசையில சீட்டு கிடைச்சா கீழ பை வைக்க விடமாட்டாங்க, அதனால பேட்டரி இருக்குறப்ப அந்த சீட்டை நான் எடுக்குறதில்ல.

சார்ஜ் போடாதீங்க. இன்னொரு விஷயம், மினி சீரிஸ்க்கு வர்ற சார்ஜிங் ஹப் இருக்கே, மூணு பேட்டரியையும் அதுல மாட்டினா அதுவே பவர் பேங்க் மாதிரி போனுக்கு சார்ஜ் கொடுக்கும். ஹோட்டல்ல வசதிதான், விமானத்துல அது பவர் பேங்க் கணக்குலயே வரும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1-ல இருந்தும், எமிரேட்ஸ் 2025 அக்டோபர் 1-ல இருந்தும் பவர் பேங்கை விமானத்துல பயன்படுத்தவே கூடாதுன்னு சொல்லிட்டாங்க. ஹப்ல இருந்து பேட்டரியைக் கழட்டி தனித்தனியா மூடி வைங்க.

பறக்கும்போது பேக் சூடாகுது, இல்ல ஒரு மாதிரி வாடை வருதுன்னா?

அந்த நிமிஷமே க்ரூவைக் கூப்பிடுங்க, பெல் அடிச்சுட்டு உக்காந்திருக்காம சத்தமாவே கூப்பிடுங்க. நமக்கு எதுக்கு வம்புன்னு ஒரு நிமிஷம் கூட யோசிக்காதீங்க. இனிப்பா பெயின்ட் தின்னர் மாதிரி ஒரு வாடை வந்தா எலக்ட்ரோலைட் கசியுதுன்னு அர்த்தம். பேக்கைத் திறந்து கையை விடாதீங்க, பக்கத்துல இருக்குறவங்களை நகரச் சொல்லுங்க. அணைச்சதுக்கு அப்புறம் தண்ணிதான் ஊத்துவாங்க, ஐஸ் கட்டி போடக் கூடாது, அது மேல மூடிக்கிட்டு சூட்டை உள்ளயே தேக்கிடும். போன் சீட்டு இடுக்குல விழுந்தாலும் சீட்டை முன்ன பின்ன ஆட்டாதீங்க, நசுங்கினா அதுவும் இதே தீதான்.

நாலு பேர் டீமா போறோம், பேட்டரியை பிரிச்சுக்கலாமா?

தாராளமா. ஆனா ஒவ்வொருத்தருக்கும் அவங்க பேக்ல என்ன இருக்கு, எத்தனை வாட் ஹவர்னு தெரிஞ்சிருக்கணும். லைன்ல நிக்கிற தெரியாத ஆள்கிட்ட "அண்ணா இதைக் கொஞ்சம் வச்சுக்கோங்க"ன்னு கொடுக்காதீங்க, யாராச்சும் கொடுத்தா வாங்கவும் வாங்காதீங்க.

வெளிநாடு போறப்ப வேற ஏதாச்சும் இருக்கா? துபாய்ல இருந்து மச்சான் ட்ரோன் வாங்கிட்டு வரேன்றான்.

ரெண்டு ஏர்லைன்ஸ் மாறிப் போறீங்கன்னா ரெண்டுல எது கடுமையோ அதுபடி பேக் பண்ணுங்க. பேட்டரி ரூல் வேற, ட்ரோனுக்கு அந்த நாட்டுல அனுமதி இருக்காங்குறது வேற. எகிப்து, மொராக்கோ மாதிரி நாட்டுல ட்ரோனைக் கொண்டு போனாலே கஸ்டம்ஸ்ல வாங்கி வச்சுப்பாங்க.

மச்சான்கிட்ட வேண்டாம்னு சொல்லுங்க. 2022 பிப்ரவரி 9-ல இருந்து வெளிநாட்டு ட்ரோனை இந்தியாவுக்குள்ள இறக்குமதி பண்றதுக்குத் தடை இருக்கு, ராணுவம், ஆராய்ச்சின்னு சில விலக்குதான். கஸ்டம்ஸ் ஃபார்ம்லயே ட்ரோன் இருக்கான்னு தனியாக் கேக்குறாங்க. வரி கட்டிட்டு எடுத்துக்கலாம்னு நினைச்சு வந்து, ஆசையா வாங்குன பொருளை சென்னை ஏர்போர்ட்ல விட்டுட்டு வந்தவங்களை எனக்குத் தெரியும்.

இறங்கினதும் நேரா ஷூட்டுக்குப் போலாமா?

முதல்ல ஒவ்வொரு பேட்டரியையும் கையில எடுத்துத் தடவிப் பாருங்க, உப்பல், சூடு, வாடை இருக்கான்னு. 30 சதவீதத்துல கொண்டு வந்திருக்கோம்ல, சார்ஜ் போட நேரம் வேணும், அதுக்குத்தான் நான் ஷூட்டுக்கு முந்தின நாள் சாயங்காலமே போய் இறங்கிடுவேன். ஹோட்டல்ல கட்டில் மேல, மெத்தை மேல, ஜன்னல் திரைக்குப் பக்கத்துல சார்ஜ் போடாதீங்க, பாத்ரூம் வாசல்ல டைல்ஸ் தரையில வச்சுப் போடுங்க, போட்டுட்டு சாப்பிடப் போயிடாதீங்க. டாக்ஸிக்காரர் "சார் பை கார்லயே இருக்கட்டும்"னு சொன்னாலும் பவுச்சை மட்டும் எடுத்துக்கிட்டு இறங்குங்க, மத்தியான வெயில்ல பூட்டின கார்ல பேட்டரி இருக்கக் கூடாது.